கடற்கரைப் பூங்காவுக்குப் படம் கீறின கதை

வீட்டுக்குப் படம் கீறுகிறவனுக்குக் குறை சொல்ல ஒரு வீட்டுக்காரர்தான் இருப்பார். பூங்காவுக்குப் படம் கீறுகிறவனுக்கு ஊரில் உள்ள அத்தனை பேரும் வீட்டுக்காரர்.

அறுபதுகளின் தொடக்கத்தில், வெள்ளைக்காரரின் கப்பல்கள் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போய்ச் சில வருஷங்களில், நான் அங்கே ஓர் அரசாங்கக் கந்தோரில் கட்டடங்களுக்குப் படம் கீறுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அதுவரை நான் கீறியவை மதகு, கக்கூசு, சந்தைக் கொட்டில். ஒரு நாள் எஞ்சினியர் கூப்பிட்டார். கடற்கரை வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒன்றரை ஏக்கர் நிலம் கிடக்கிறது, அதில் கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லாரும் வந்து இருக்கக்கூடிய ஒரு பூங்கா வேண்டும், பதினொரு மாதத்தில் முடிய வேண்டும் என்றார். அதற்கு முன் நான் ஒரு பூங்காவுக்குள் இருந்தது கண்டியில் ஒரே ஒரு தடவை. அதுவும் பஸ் பிந்தினபடியால்.

கட்டுகிற வேலையைப் பார்த்தவர் ஓவசியர் காதர் நானா. கிண்ணியாவிலிருந்து தினமும் துறை கடந்து வருவார். பிறகு காவலுக்கு வந்தவர் வாச்சர் கந்தவனம். துறைமுக வாசலில் பத்து வருஷம் காவல் நின்றவர்; அந்தப் பழக்கத்தில் பூங்காவுக்கு வந்த முதல் ஆட்களிடம் பாஸ் கேட்டார். மேசையில் இருந்தபடி சனங்களுக்காக எதையாவது திட்டமிட்டுவிட்டு, பிறகு அதே சனங்களை நேரில் சந்திக்க வேண்டி வந்த என் சக கந்தோர்க்காரர்களே, மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

எட்டு

என் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நடைபாதை. எட்டு என்ற இலக்கம் படுத்துக் கிடப்பது போல இரண்டு வளைவு. இரு பக்கமும் செங்கல் ஓரம். உள்ளே சிப்பி கலந்த மணல். எஞ்சினியர் அதைப் பார்த்து, "வடிவா இருக்கு" என்றார். அவர் என் படம் ஒன்றை வடிவு என்று சொன்னது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பூங்கா திறந்து ஒரு கிழமைக்குள் எட்டின் நடுவால் நேராக ஒரு கோடு விழுந்தது. மீன் இறங்குகிற கரையிலிருந்து பஸ் நிலையத்துக்குப் போகிற சனம் புல்லை மிதித்துப் போட்ட கோடு. குறுக்கே செடி நட்டோம். செடியைச் சுற்றிப் போனார்கள். கயிறு கட்டினோம், ஆரோ அதில் வலை காயப்போட்டார்கள். பாதையால் செல்லவும் என்று மூன்று மொழியிலும் பலகை எழுதி நட்டோம். சைக்கிள் சாத்தி வைக்க அது நல்ல வசதியாக இருந்தது.

கடைசியில் ஒரு காலை நானே போய்க் கோட்டின் நடுவில் நின்றேன். கரையில் மீன் எடுத்து பஸ்ஸில் கொண்டுபோய் விற்கிற ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், தலையில் ஓலைக் கடகத்தோடு நேராக என்னை நோக்கி வந்தார். "அம்மா, நடக்கிறதுக்கு அங்கால நல்ல பாதை போட்டிருக்கிறம், அதால போங்கோ" என்றேன். அவரால் தலையைத் திருப்ப ஏலாது. கண்ணை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோய், நான் கீறின வளைவைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்தார். பிறகு நடையை நிறுத்தாமலே சொன்னார்:

"தம்பி, என்ர தலையில முப்பது இறாத்தல் மீன் இருக்குது. வளைஞ்சு போறதெண்டா நீங்க போங்க."

பதினொரு முடிச்சு

நேர்ப்பாதை போட்டு முடிந்த பிறகு வாங்குகளின் விவகாரம் தொடங்கியது. பன்னிரண்டு சீமெந்து வாங்கு, ஒவ்வொன்றிலும் நாலு பேர் இருக்கலாம். உயரம் எவ்வளவு என்று படத்தில் எழுத வேண்டியிருந்தபோது, நான் என் கதிரையில் இருந்தபடி என் முழங்காலை அளந்து எழுதினேன். நான் ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்தவன். இளைப்பாறிய போஸ்ட்மாஸ்டர் ஒருவர் தினமும் பின்னேரம் வந்து அதில் இருப்பார். அவருடைய கால் நிலத்தில் முட்டாது. பள்ளிக்கூடப் பிள்ளை போலக் காலை ஆட்டிக்கொண்டு கடலைப் பார்ப்பார். அரை மணித்தியாலத்தில் கால் விறைத்துவிட்டது என்று எழும்பி நொண்டிக்கொண்டு போவார். பெண்கள் வாங்குக்குப் பக்கத்தில் புல்லில் பாய் விரித்து இருந்தார்கள்.

ஊராரின் முழங்காலை அளக்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. நாடாவை எடுத்துக்கொண்டு ஆசுபத்திரி வரிசைக்குப் போனேன். ஆண்கள் காலை நீட்டினார்கள். சிலர் இலவசக் காற்சட்டை எப்போது வரும் என்று கேட்டார்கள். பெண்கள் பக்கம் திரும்பியபோது ஒருவர் மடித்த குடையை நிமிர்த்திப் பிடித்தார். கந்தோருக்குத் திரும்பிவிட்டேன். காதர் நானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொம்புளைகளை அளக்கிற வேலை ஐயாவுக்குச் சரிவராது. எங்கட வீட்டச் சொல்லிப் பாக்கிறன்" என்றார்.

மூன்றாம் நாள் ஒரு சணல் கயிறு கொண்டுவந்தார். அவருடைய மனைவி கிண்ணியாவில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, ஒவ்வொருவருடைய முழங்கால் உயரத்துக்கும் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறார். பதினொரு முடிச்சு. கயிற்றை என் படப்பலகையில் நீட்டி வைத்து அளந்தேன். என் வாங்கு, ஊரில் பாதிப் பேருக்கு மதில் என்று தெரிந்தது. ஆறு வாங்கைச் சுற்றி மண் நிரப்பி இறுக்கிப் பதித்து அவற்றின் உயரத்தைக் குறைத்தோம். எல்லாம் சரியாக வந்தது, ஒரு முடிச்சைத் தவிர. அது மற்றவற்றுக்கு மூன்று அங்குலம் கீழே தனியாக இருந்தது. இது பிள்ளையா பெரியவரா என்று காதர் நானாவிடம் கேட்டேன். அவர் கயிற்றைப் பார்க்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"கயிறு திரும்பத் தேவையில்லையாம், ஐயா. ஆனா எந்த முடிச்சு ஆருடையதெண்டு கேக்கக் கூடாதாம்."

மான்

கோட்டைப் பக்கத்து மான்கள் ஊருக்குள் திரிவது திருகோணமலையில் புதினம் இல்லை. அந்த ஊரில் மூன்று வருஷம் இருந்த ஒருவன் அதை மறந்துபோய்ச் செடிப் பட்டியல் எழுதினதுதான் புதினம். செவ்வரத்தை நட்ட அன்றே போனது. ரோசா இரண்டு நாள் நின்றது, முள் இருந்தபடியால். குரோட்டன் கசக்கும் என்று ஒருவர் சொன்னார்; மான்களுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

மான் தின்னாத செடிகளின் பட்டியல் ஒன்று தயாரிக்கும்படி எஞ்சினியர் சொன்னார். வேலையைக் கந்தவனத்திடம் விட்டேன். அவர் ஒவ்வொரு செடியிலும் ஒரு கொப்பு முறித்து, நடைபாதை ஓரத்தில் வரிசையாகக் குத்தி வைத்து, கையில் கொப்பியோடு நாலு நாள் காத்திருந்தார். ஐந்தாம் நாள் சட்டைப் பொத்தானை மேல்வரை பூட்டிக்கொண்டு கந்தோருக்கு வந்து என் முன்னால் நேராக நின்றார்.

"எல்லாம் வச்சுப் பாத்தனான், ஐயா. தின்னாம விட்டது ரெண்டு. ஒண்டு எருக்கலை, மற்றது எங்கட அறிவித்தல் பலகை. பலகையையும் நக்கிப் பாத்திட்டுத்தான் விட்டது."

சறுக்கு

இந்த விஷயத்தில் நான் சிரிக்கிறதற்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு சறுக்குப் பலகை கீறினேன். பத்தடி உயரம், மேலே தகரம். மரத்தை விடத் தகரம் வழுக்கும், மழைக்கும் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். அதை மேற்குப் பார்த்து வைத்தேன், ஏறுகிற பிள்ளைகளுக்குக் கடல் பக்கத்துக் காற்று முதுகில் படட்டும் என்று. மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலை வெயில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இந்த இடத்தில் என்னைப் பார்க்காமல் விடுவது நல்லது.

ஒரு நாள் மத்தியானம் ஒரு தாய் ஐந்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தோருக்குள் வந்தார். பிள்ளையின் இரண்டு தொடையின் பின்பக்கமும் சிவந்து தோல் எழும்பியிருந்தது. தேங்காயெண்ணெய் பூசியிருந்தார்கள். பிள்ளை அழவில்லை, அழுது முடித்திருந்தது. "அந்தத் தகரத்தைக் கீறினது ஆர்?" என்று தாய் கேட்டார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் சாதாரணமாக, "நீங்க அதில ஒருக்கா இருந்து பாத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.  நான் எழும்பி அவரோடு போனேன்.

ஒரு மணி இருக்கும். ஏணியில் ஏறி, மேலே இருந்து, கையை விட்டேன். காற்சட்டை போட்டிருந்தும் பாதி வழியில் எழும்பப் பார்த்தேன். சறுக்கில் பாதி வழியில் எழும்ப ஏலாது என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன். கீழே வந்து, நிற்க முடியாமல் குனிந்து, அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே என் முகம் வந்தது. மன்னிச்சுக்கொள் என்றேன். பிள்ளை தலையாட்டியது.

இரண்டு நாள் நின்றபடியே படம் கீறினேன். அந்தப் படத்தில் சறுக்கு வேப்பமரத்துக்குக் கீழே, வடக்குப் பார்த்து, இழைத்த பலகையில் இருந்தது. கட்டி முடிந்த அன்று தாய்க்கு ஆள் அனுப்பினேன். மகளோடு வந்தார். பலகையில் கையை வைத்துப் பார்த்தார். புறங்கையையும் வைத்துப் பார்த்தார். பிள்ளை ஏணியில் கால் வைத்தபோது தோளில் பிடித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை பிறகு ஏறட்டும். முதல்ல நீங்க இருங்க."

நிழல்

வேப்பமரம் ஒன்றுதான் அந்த நிலத்தில் முன்பே இருந்த மரம். மற்ற இடமெல்லாம் நான் வாகைக் கன்று வைத்தேன். படத்தில் ஒவ்வொரு கன்றும் இருபதடிக் குடை விரித்து நின்றது. நிலத்தில் அது கைத்தடி அளவு; அதற்குக் காவலாகக் கட்டின முள்வேலிதான் உயரம்.

காலில் விறைப்பு மாறின போஸ்ட்மாஸ்டர் ஒரு பின்னேரம் கன்று ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டு, இதில் நிழல் விழ எத்தனை வருஷம் செல்லும் என்று கேட்டார். பத்து, பன்னிரண்டு என்றேன். அவர் கன்றையும் தன்னையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தார். "எனக்கு எழுபத்தாறு" என்றார். தபால் கந்தோரில் முப்பது வருஷம் இருந்தவர். ஒரு பொருள் எப்போது போய்ச் சேரும் என்பதில் அவருக்கு மயக்கம் இல்லை.

"அப்ப இப்பிடிச் செய்யும், தம்பி. மரத்துக்குத் தண்ணி ஊத்தும். எனக்குத் தென்னங்கிடுகால ஒரு கொட்டில் போட்டுத் தாரும்."

பன்னிரண்டு வயது

எங்கள் பூங்காவின் மூன்று ஊஞ்சலும் ஏன் கப்பற் சங்கிலியில் தொங்கின என்று வெளியூர்க்காரர் கேட்பதுண்டு. காரணம் இது.

கொட்டில் எழும்பின பிறகு எஞ்சினியருக்கு ஒரு கொள்கை வந்தது: வயதுக்கு ஒரு மூலை. சின்னப் பிள்ளைகளுக்கு வடக்கு, இளைஞருக்குக் கிழக்கு, வயதானவர்களுக்குக் கொட்டில், பெண்களுக்குத் தட்டி மறைத்த ஓர் இடம். நான் நாலு நிறத்தில் பூசிக் காட்டினேன். சனங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே வயதானவர்கள் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க வடக்கே போனார்கள். பிள்ளைகள் வெயிலுக்குக் கொட்டிலுக்குள் வந்தார்கள். பெண்கள் தட்டியைக் கழற்றிக் கீழே விரித்து அதில் இருந்தார்கள், காற்று வரவில்லையாம். எஞ்சினியர் விட்டுக்கொடுக்காத ஒரே இடம் ஊஞ்சல். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் ஏறலாகாது என்று பலகை வைத்தார்.

ஒரு காலை கந்தவனம் ஆள் அனுப்பினார், மூன்று பேர் ஊஞ்சலை விட்டு இறங்க மாட்டோம் என்கிறார்களாம். போனேன். ஆசுபத்திரியில் இரவு வேலை முடித்து வந்த மூன்று பெண்கள். மூன்று பேருக்கும் நாற்பதுக்கு மேல். செருப்பை ஒழுங்காக ஒரு பக்கம் கழற்றி வைத்துவிட்டு, ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், கடலைப் பார்த்தபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். கந்தவனம் அவர்களுக்கு முன்னால் நின்று பலகையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். அது மூன்றாம் தடவையாம்.

மேலே மரம் கிரீச்சிட்டது. கயிறு பிள்ளைகளுக்காகப் போட்ட மெல்லிய கயிறு. விழுந்தால் இடுப்பு முறியும் என்ற பயத்தில், "அம்மா, இது பன்னிரண்டு வயசுப் பிள்ளையளுக்குக் கட்டினது, பாரம் தாங்காது" என்றேன். இரண்டு பேர் இறங்கிச் செருப்பைத் தேடினார்கள். மூன்றாமவர் காலை நிலத்தில் ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினார். ஆனால் எழும்பவில்லை. இரவு முழுவதும் கண் விழித்த முகம். கோபம் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைத் தெரியப்படுத்துகிற மாதிரிச் சொன்னார்:

"எங்களுக்குப் பன்னிரண்டு வயசா இருக்கேக்க நீங்கள் இதைக் கட்டேல்லையே, தம்பி."

மதில்

பூங்கா திறந்த அடுத்த வருஷம், கடல் பக்கம் மதில் வேண்டும் என்று எழுதினவனும் நான். பிள்ளைகள் ஓடிப்போய்த் தண்ணீரில் விழக் கூடாது என்று ஆறரை அடி போட்டேன். எனக்குத் தந்த பழைய படத்தில் அந்த இடம் வெற்று நிலம் என்று இருந்தது. வாடைக்காற்று மாதங்களில் கரையோரக் குடும்பங்களின் பெண்கள் நின்று வள்ளம் பார்க்கிற இடம் அது என்று படத்தில் இல்லை. அவர்களும் வந்து சொல்லவில்லை. அவர்களை ஒருவரும் கேட்கவும் இல்லை.

ஒரு கார்த்திகை மாதத்துப் பின்னேரம், கொட்டிலின் கூரை பார்க்கப் போயிருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் வானம் இருண்டு காற்றுத் திரும்பிவிட்டது. கரையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஆறு வள்ளம் வெளியே. மணலில் அலை ஏறிவிட்டதால் நிற்க இடமில்லாமல் பூங்காவுக்குள் வந்தார்கள். வந்தவர்களுக்கு முன்னால் என் மதில் நின்றது. மதிலோரத்து வாங்குகளில் ஏறினார்கள். அந்த வாங்குகளைத்தான் நாங்கள் பதித்துவிட்டோமே, எட்டவில்லை. பூமணி என்று ஒரு பெண், கலியாணம் முடித்து ஒரு வருஷம் ஆகவில்லை என்று பிறகு அறிந்தேன், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர்த் தாங்கியின் இரும்பு ஏணியில் ஏறினார். அதில் ஏறுவது தடை. அதைச் சொல்ல வாய் திறந்த கந்தவனம், வாயை மூடிக்கொண்டு போய் ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்தார்.

மேலே இருந்து பூமணி சொல்லச் சொல்ல, கீழே நின்றவர்கள் எது ஆருடைய வள்ளம் என்று கண்டுபிடித்தார்கள். பாயில் ஒட்டுப் போட்டது ஒன்று வருகிறது என்றார். "எங்கட" என்று ஒரு கிழவி சொல்லிவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். இரண்டாவதும் வந்தது. பிறகு இரண்டு சேர்ந்து வந்தது. ஐந்தாவது, பாய் இல்லாமல் துடுப்பில் வந்தது. ஆறாவது வரவில்லை. ஒருவரும் பூமணியிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் ஆறாவது அவருடைய புருஷன் போனது. தங்கள் வள்ளம் கரை சேர்ந்த பெண்களும் வீட்டுக்குப் போகவில்லை. மழை சரிந்து அடித்தது. நான் குடையை மடித்துக் கையில் வைத்திருந்தேன். அதை விரிக்க ஏனோ மனம் வரவில்லை. அரை மணித்தியாலம் அப்படி நின்றோம்.

பிறகு பூமணி ஒரு சொல்லும் சொல்லாமல் இறங்கத் தொடங்கினார். ஒவ்வொரு படியாக. எங்களுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. நிலத்தில் கால் வைத்து, சேலைத் தலைப்பைப் பிழிந்து, "வருகுது" என்றார். பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கந்தவனம் இன்னும் ஏணியைப் பிடித்தபடி, நாடியை நிமிர்த்தி என்னைக் காட்டி அவரிடம் என்னவோ சொன்னார். பூமணி என் பக்கம் வந்தார். 

"மதிலை நீங்கதான் கட்டினீங்களாம். ஒண்டில் அதைக் குறையுங்க, இல்லாட்டித் தாங்கிக்கு நல்ல ஏணி ஒண்டு போட்டுத் தாங்க."

கேற்

மதில் இரண்டடியாக இறங்கின பிறகு வாங்கில் இருந்த சனத்தை விட மதிலில் இருந்த சனம் கூட. அந்த நாட்களில்தான் எனக்கு முன்வாசல் நினைவு வந்தது. தெரு மாடுகள் உள்ளே வராதபடி அங்கே சுழல்கிற கேற் போட்டிருந்தோம். நாலு இரும்புக் கை. ஓராள் தள்ளிக்கொண்டு திரும்பி நுழையலாம், மாட்டால் ஏலாது. நல்ல கேற் என்று எல்லாரும் சொன்னார்கள்.

வாசலுக்கு வெளியே மதகுக் கட்டில் ஒருவர் தினமும் பின்னேரம் வந்து இருப்பார். பெயர் மரியதாஸ். துறைமுகத்தில் வேலை செய்தபோது வடம் அறுந்து அடித்ததில் வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. இரண்டு கக்கத்திலும் தடி ஊன்றித்தான் நடப்பார். பின்னேரம் அங்கே இருந்து உள்ளே பிள்ளைகள் போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பொழுது படும்போது எழும்பிப் போவார். அவரைக் கடந்து நான் எத்தனை தரம் உள்ளே போயிருப்பேன். தலையாட்டுவேன், அவரும் தலையாட்டுவார். அவருக்கு அந்த மதகுக் கட்டு பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் கை நிறையப் படச்சுருளோடு அந்தக் கேற்றில் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றபோது திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தடி இரண்டையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

வெளியே வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். "எத்தனை நாளா இப்பிடி?" என்று கேட்டேன்.

"திறந்த நாளிலயிருந்து. தடி ரெண்டும் அந்தக் கைக்குள்ள மாட்டுது. ஒருக்கா விழுந்தும் போனன்."

"ஏன் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

"முறைப்பாட்டுப் புத்தகம் உள்ளயெல்லோ இருக்கு."

உண்மைதான். வாச்சர் கொட்டிலில் ஆணியில் தொங்கியது. அதைத் தொங்கவிடச் சொன்னதும் நான். சும்மா இருக்கப் பிடிக்காமல், மாட்டுக்காகப் போட்டது, உங்களுக்கு என்று போட்டதில்லை என்று சொன்னேன். அவர் அதில் குறை காணவில்லை. மாடுகள் கெட்டித்தனமாக மதில் முடிகிற கடற்கரைப் பக்கத்தால் போய்விடுகின்றன, அந்த மணலில் தன் தடி புதைந்துவிடும் என்றார்.

கேற்றைக் கழற்ற எழுதிக் கேட்டேன். எஞ்சினியர் ஏலாது என்று எழுதி அனுப்பினார். மாடு வந்தால் பதில் சொல்வது ஆர்? இரண்டாம் தரமும் எழுதினேன்; அதற்குப் பதிலே இல்லை. கடிதத்தைக் காதர் நானாவிடம் காட்டினேன். அவர் அதை வாசித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் கேற் கந்தோர்க் களஞ்சியத்தில் இருந்தது. பதிவில் 'திருத்த வேலைக்காகக் கழற்றப்பட்டது' என்று அவர் சொல்ல நான் எழுதினேன். அது என் முதல் பொய்ப் பதிவு. எழுத்து வழமையை விட வடிவாக இருந்தது. நான் அந்தக் கந்தோரை விட்டுப் போகும் வரை கேற் அந்த மூலையில்தான் நின்றது.

மூன்றாம் மாதம் எஞ்சினியர் பூங்காவைப் பார்வையிட வந்தார். வாசலில் நின்று, கேற் இருந்த இடத்தில் இருந்த இரண்டு குழியையும் பார்த்தார். "கேற் எங்க?" என்றார். "திருத்த வேலையில, சேர்" என்றேன். "என்ன பழுது?" என்றார். நான் காதர் நானாவைப் பார்த்தேன். காதர் நானா நிலத்தைப் பார்த்தார். கந்தவனம் விறைப்பாக நின்றார். எஞ்சினியர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு உள்ளே பார்த்தார். வேப்பமரத்தடி வாங்கில் மரியதாஸ் இருந்தார். அவருடைய தடி ஒன்றைத் துவக்காக்கி இரண்டு பிள்ளைகள் மானைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றத் தடி அவருடைய மடியில் இருந்தது. அவர் அவர்களுக்குக் குறி பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எஞ்சினியர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பினார். ஏறும்போது எங்கள் பக்கம் பார்க்காமல் சொன்னார்:

"அவசரமில்லை. ஆறுதலாத் திருத்துங்கோ."

ஒன்றரை ஏக்கரில் எல்லா வயதினருக்குமான ஒரு பூங்காவைத் திருகோணமலைச் சனங்கள் திருத்தித் திருத்திக் கட்டி முடிக்கப் பதினாலு வருஷம் எடுத்தார்கள். அவ்வளவு பிந்தினதற்குக் காரணம் என் படம்தான்.